ஒரே பெட்டிக்கு இரண்டு பேர்

பவானிக்கு ஓர் இடத்தில் நிலையாக உட்கார வராது. உட்கார்ந்தாலும் வலது கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். 1993இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துத் திண்டிவனத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தபோது, "நீ காலாட்டறதுல எங்க மெஷினும் சேர்ந்து ஆடுதுடி" என்று பக்கத்து மேசைப் பெண்கள் புகார் செய்து அவளைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். லோயர் பாஸ் செய்தாள். ஹையரைப் பாதியில் விட்டாள். பிறகு மேம்பாலத்துப் பக்கம் ஓர் எஸ்.டி.டி. பூத்தில் எட்டு மாதம், ஜெராக்ஸ் கடையில் ஒரு வருஷம், கேபிள் டி.வி. ஆபீசில் படத்துக்குக் கீழே ஓடும் விளம்பர வரிகளை அடிக்கும் வேலையில் இரண்டு வருஷம். நடுவில் கல்யாணமும் ஒரு பெண் குழந்தையும். எந்த இடத்திலிருந்தும் யாரும் அவளை அனுப்பவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்ததும், அந்தக் கடையின் ஷட்டர் தூக்கும் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க முடியாது என்று தோன்றும். அன்றோடு நின்றுவிடுவாள்.

அவள் கணவர் சீனுவாசன் நேர்மாறு. திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வரும் காலத்தில் காலையில் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றால் சாயங்காலம்தான் நகருவார். "உன்னைத் தூக்கித் தராசுல வெச்சா முள்ளு நிக்கவே நிக்காதுடி" என்பார்.

2003இல் விழுப்புரத்தில் அரசப்பனின் மிக்சிங் சென்டரில் வேலை கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் படம் பிடிக்கிற வீடியோக்காரர்கள் கேசட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டும் பெயர் எழுத்தும் சேர்த்து டிவிடியாகத் திருப்பித் தர வேண்டும். இதுவும் ஆறு மாதத்துக்குத்தான் என்று சீனுவாசன் நினைத்தார். ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. காரணம் எளிது. ஐந்து மணி நேரக் கல்யாணத்தை அவள் வேக ஓட்டத்தில் முக்கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். தவிலும் நாயனமும் குருவிச் சத்தமாகக் கேட்கும், சொந்தக்காரர்கள் ஓடி வந்து ஓடி வந்து திருநீறு பூசுவார்கள். உலகம் அவளுடைய வேகத்துக்கு ஓடிய ஒரே இடம் அதுதான். காலையில் ஏழே முக்கால் ரயிலுக்குத் திண்டிவனத்தில் ஏறி, எட்டே முக்காலுக்கெல்லாம் கடையில் இருப்பாள். ஜன்னலோரத்து மேசை அவளுடையது. அந்த மேசையை விட்டுப் போவதை மட்டும் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

2008இல் இரண்டாவது கம்ப்யூட்டர் வந்தது. அதில் உட்கார இருதயமேரி வந்தாள். பவானியைவிட மூன்று வயது சின்னவள், விழுப்புரத்துக்காரி, நிதானமானவள். வந்ததும் முதலில் மேசையைத் துடைப்பாள், தண்ணீர் குடிப்பாள், பிறகுதான் சுவிட்சைப் போடுவாள். பவானியை "அக்கா" என்று கூப்பிட்டாள். மத்தியானம் இருவரும் டப்பாவை மாற்றிக்கொண்டு சாப்பிட்டார்கள்.

இரண்டு கம்ப்யூட்டரிலும் இடம் போதவில்லை. 2011இல் அரசப்பன் புதுச்சேரியில் அரிபிரசாத் என்பவரிடம் சொல்லி ஒரு பெட்டி வாங்கினார். உள்ளே நான்கு டிஸ்க். பெட்டியிலிருந்து இரண்டு கம்ப்யூட்டருக்கும் நீல ஒயர் போனது. மாட்டி முடித்ததும் அரிபிரசாத் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"நல்லாக் கேட்டுக்குங்க. நான் உன் சொந்த டிஸ்க்குதான்னு இந்தப் பெட்டி ஒவ்வொரு கம்ப்யூட்டர்கிட்டயும் தனித்தனியா சொல்லும். இன்னொருத்தரு இருக்காங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாது. எந்தப் படம் எங்க இருக்குது, எந்த எடம் காலின்னு டிஸ்க்குல ஒரு பட்டியல் இருக்குது. கனெக்ட் ஆன உடனே கம்ப்யூட்டர் அதைப் படிச்சு மனசுல வெச்சுக்கும். அதுக்கப்புறம் திரும்பிப் பாக்காது. நான்தானே எழுதறேன், வேற யாரு வந்து மாத்தப் போறாங்கன்னு இருக்கும். ரெண்டு மெஷினும் ஒரே நேரத்துல கனெக்ட் ஆனா, ரெண்டும் ஒரே காலி எடத்துல எழுதும். ஒண்ணோட பட்டியலை இன்னொண்ணு அழிக்கும். சண்டை வராது, எர்ரர் வராது. எல்லாம் நல்லாப் போற மாதிரியே இருக்கும். அதான் பேஜாரு."

"ரெண்டு பேரும் சேர்ந்தே பண்ற மாதிரி போட்டுக் குடுங்களேன்" என்றார் அரசப்பன்.

"அதுக்குத் தனி சாஃப்ட்வேர் இருக்குது. நான் இதைத் தொட்டுக்கினு இருக்கேன், நீ தொடாதேன்னு ரெண்டு மெஷினும் தங்களுக்குள்ள பேசிக்கும். பூட்டுப் போட்டுக்கும், தொறந்துக்கும். பெட்டியைவிட அது வெலை ஜாஸ்தி."

"அடப் போங்க. இவங்க ரெண்டு பேரும் வாயாலயே பேசிக்குவாங்க. பேசறதுக்கா சொல்லித் தரணும்?"

ஆக, ஒருத்தி பெட்டியை இணைத்திருக்கும்போது மற்றவள் இணைக்கக் கூடாது. வேலை முடிந்தால் இணைப்பை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். முதல் வாரத்திலேயே இருவரும் அதற்கு ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். மணமேடை அலங்காரத்திலிருந்து எப்படியோ கடைக்கு வந்து சேர்ந்த சிவப்பு பிளாஸ்டிக் ரோஜா ஒன்று கிடந்தது. பெட்டி யாரிடம் இருக்கிறதோ அவள் மானிட்டரின் தலையில் அந்த ரோஜா இருக்கும். "மேரி, ரோஜா உன்கிட்டயா?" "பத்து நிமிசம்க்கா, வெற்றிலை பாக்கு மாத்திக்கினு இருக்காங்க." "ஜல்தி ஆகட்டும்." "முடிஞ்சுதுக்கா, எடுத்துட்டேன், நீ போட்டுக்கோ." ஒரு வருஷம் இப்படியே ஓடியது. வீடியோக்காரர்கள் உள்ளே வரும்போதே "இன்னிக்கு ரோஜா யாரு தலையில?" என்று கேட்பார்கள்.

2012 சித்திரையில் அந்தப் பேச்சு நின்றது. மேரி மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பெயர் எழுத்து செய்திருந்தாள். இரண்டு அன்னங்கள் நீந்தி வரும், அவற்றின் கழுத்து வளைந்து மணமக்கள் பெயரின் முதலெழுத்துகளாக மாறும். அவள் அதைத் தன் வேலையில் போடுவதற்கு முன்பே பவானி பெட்டியில் பார்த்து எடுத்து வேறொரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டாள். வீடியோக்காரர் கடை நடுவே நின்று, "பவானிம்மா, அன்னம் பிரமாதம்" என்றார். பவானி சிரித்தாளே தவிர, மேரி செய்தது என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றுவதற்குள் அவர் பைக்கில் ஏறிவிட்டார்.

அன்றிலிருந்து மேரி பேசவில்லை. பவானியும் நான்கு நாள் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். ரோஜா மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. முடித்தவள் அதை இரண்டு மேசைக்கும் நடுவில் இருந்த ஸ்டூலில் வைப்பாள். மற்றவள் எடுத்துக்கொள்வாள். "எடுத்துட்டேன், நீ போட்டுக்கோ" என்ற சொல் இல்லாமலே வேலை நடந்தது. ஒருத்தி மேசையில் மற்றவள் கை வைப்பதில்லை. அரசப்பனுக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது.

அந்த வருஷம் விழுப்புரத்தில் கரண்ட் இருந்த நேரத்தைத்தான் எண்ண முடியும். இன்வெர்ட்டரில் வேலை செய்தார்கள். பேட்டரி தாங்குவதற்காக, கம்ப்யூட்டரைத் தானாக ஓடவிட்டு மானிட்டரை மட்டும் அணைத்துவிடுவது வழக்கம். வெட்டிய துண்டுகளைக் கம்ப்யூட்டர் ஒரே படமாகக் கோத்து முடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். அதை யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

ஆவணியில் ஒரு புதன்கிழமை. மேரி பன்னிரண்டு மணிக்கு ஒரு படத்தைக் கோக்க விட்டு மானிட்டரை அணைத்திருந்தாள். ரோஜா அவள் மானிட்டரில் இருந்தது. ஒரு மணிக்கு அவளுக்கு போன் வந்தது. அவள் வீட்டுக்காரர் கொத்தனார். வானூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தில் வேலை.

"அண்ணா, இவரு சாரத்துலேர்ந்து வுழுந்துட்டாராம். பாண்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறாங்களாம்" என்றாள் அரசப்பனிடம். பவானி எழுந்து நின்றாள். மேரி அவளைப் பார்க்கவில்லை. அரசப்பன் அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். அங்கிருந்து அப்படியே வேறு வேலையாகப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் மாசிலாமணி வந்தார். கண்டாச்சிபுரத்தில் நடந்த ஒரு கல்யாணத்தைப் படம் பிடித்த வீடியோக்காரர். கையில் மூன்று கேசட்டு.

"பவானி, இதை ஏத்திட்டு அஞ்சு மணிக்குள்ள கேசட்டைக் குடுத்துடு. நாளைக்கு மரக்காணத்துல முகூர்த்தம். வேற கேசட்டு இல்ல."

அதுவும் வழக்கம்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிய கேசட்டு அன்றைக்கே திரும்பிப் போகும். அடுத்த கல்யாணம் அதன் மேலேயே பதிவாகும். ஏற்றிய பிறகு அந்தக் கல்யாணம் பெட்டியில் மட்டும்தான் இருக்கும்.

ஒரு கேசட்டு ஏற ஒரு மணி நேரம். மூன்று மணி நேரம் வேண்டும். மணி ஒன்று நாற்பது. பவானி ரோஜாவைப் பார்த்தாள். மேரியின் மானிட்டர் இருண்டு கிடந்தது. கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், தூசிக்காக மேரியே தைத்துப் போட்ட துணி உறைக்குள் இருந்தது. அதன் விளக்கு தெரியாது. பக்கத்து மோட்டார் பம்பு கடையில் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருந்தது. விசிறிச் சத்தமும் கேட்காது. குனிந்து உறையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம், மானிட்டர் பொத்தானை அழுத்தியிருக்கலாம், போன் செய்தும் கேட்டிருக்கலாம்.

புருஷன் விழுந்து கிடக்கிற நேரத்தில் ரோஜாவைப் பற்றிக் கேட்டு போன் செய்வதா என்று பவானி தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கே தெரியும். நான்கு மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சு தன் பக்கத்திலிருந்து போவதா என்பதும் அதற்குள் இருந்தது. மாசிலாமணி வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அவளால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அவசரத்தில் ரோஜாவை ஸ்டூலில் வைக்க மறந்து போயிருப்பாள், போகிறவள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே போயிருப்பாள் என்று முடிவு செய்தாள். விரல் நுனியால் ரோஜாவை எடுத்துத் தன் மானிட்டரில் வைத்தாள். பெட்டியை இணைத்தாள். கேசட்டைப் போட்டாள்.

ஒரு தடங்கலும் இல்லை. நாலே முக்காலுக்கு மூன்று கேசட்டும் ஏறிவிட்டன. மாசிலாமணி வாங்கிக்கொண்டு போனார். பவானி இணைப்பை எடுத்துவிட்டு ஐந்தரை ரயிலைப் பிடித்தாள்.

மறுநாள் காலை அவள் படியேறும்போதே அரசப்பன் மேரியின் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ராத்திரி இன்வெர்ட்டர் தீர்ந்து மேரியின் கம்ப்யூட்டர் தானாக அணைந்திருக்கிறது. காலையில் கரண்ட் வந்ததும் உயிர் பெற்று, டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரி செய்யட்டுமா என்று கேட்டிருக்கிறது. அவர் யெஸ் கொடுத்திருக்கிறார். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அழிக்கிறேன், அழிக்கிறேன் என்று ஒவ்வொரு வரியும். பவானி ஓடிப்போய் நீல ஒயரைப் பிடுங்கினாள்.

தன் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். கண்டாச்சிபுரம் என்று பெயரிட்ட ஃபோல்டரில் மூன்றில் ஒன்றுதான் இருந்தது. அதைத் திறந்தாள். பொண்ணு அழைப்பு ஓடியது. கெட்டிமேளம் என்று ஐயர் கை தூக்கினார். அடுத்த நொடி வேறு ஏதோ மண்டபத்தில் ஒருவர் சாம்பார் வாளியோடு குனிந்துகொண்டிருந்தார். பிறகு திரை கறுத்துவிட்டது.

மேரியின் கம்ப்யூட்டர் நேற்று முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது என்று அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்தது.

"இன்னாடி இது?" என்றார் அரசப்பன். "மேரி மெஷின் நேத்து பூரா கனெக்ட்லயே இருந்துருக்குதே. நீ கேசட்டு ஏத்தறப்ப ரோஜா உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஆமாண்ணா" என்றாள் பவானி. சொன்னது பொய் இல்லை. ரோஜா இப்போதும் அவள் மானிட்டரில்தான் இருந்தது.

"அப்ப அவ ரோஜாவைக் குடுத்துட்டு கனெக்ஷனை எடுக்காம போயிருக்கா. பொறுப்புன்னு ஒண்ணு வேணாம்? கொளஞ்சி ஒத்தப் பொண்ணு கல்யாணம் அது. கேசட்டு மேல வேற மரக்காணம் ஏறிக்கினு இருக்கும் இந்நேரம். அவளை இனிமே வர வேணாம்னு சொல்லிடறேன்."

கொளஞ்சி பெண்ணைப் பெற்றவர், கண்டாச்சிபுரத்தில் விவசாயம். மாசிலாமணியோடு ஒரு முறை கடைக்கே வந்து, பெயர் எழுத்து எப்படி வரும் என்று பார்த்துவிட்டுப் போனவர்.

பவானி வாயைத் திறந்தாள். "வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்கறப்ப போயி…" என்றுதான் வந்தது.

"அதுக்குத்தான் இன்னிக்குச் சொல்லல. நாளைக்குச் சொல்றேன்."

அன்று முழுவதும் அவள் கடைக்கும் எதிரே டீக்கடைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். சாயங்காலம் ரயிலில் உட்கார இடம் இருந்தும் கதவருகே நின்று வந்தாள். வீட்டில் தோசை வார்த்துக்கொண்டே சீனுவாசனிடம் சொன்னாள். அவர் மெதுவாகச் சாப்பிட்டு முடித்தார்.

"நான் ஒரு மூட்டைக்குத் தப்பா எழுதிட்டா, அது லாரில ஏர்றதுக்குள்ள சொல்லிடுவேன்" என்றார். "ஏறிடுச்சுன்னா அப்புறம் எந்த மூட்டைன்னு யாருக்கும் தெரியாது."

"ஏறிடுச்சுன்னா?"

"எனக்கு மட்டும் தெரியும்."

"உங்க மூட்டையை விடுங்க. எழுந்து தட்டைக் கழுவுங்க" என்றாள்.

மறுநாள் அரசப்பன் சொன்னபடி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸில் போனாள். அரிபிரசாத் பெட்டியைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். எழுத முடியாதபடி பூட்டிவிட்டு, படிக்க மட்டும் திறந்தார். பெட்டிக்குள்ளேயே ஒரு பதிவு இருந்தது. யார் எப்போது வந்தார்கள், எப்போது போனார்கள் என்று. அவர் விரலால் காட்டினார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ஒரு மெஷின் வந்திருக்கிறது, போகவில்லை. ஒன்று நாற்பத்திரண்டுக்கு இரண்டாவது மெஷின் வந்திருக்கிறது.

"மொதல்ல வந்தது ஒழுங்கா எழுதிக்கினு இருக்குது. ரெண்டாவது வந்த மெஷின்தான் உள்ள பூந்துருக்கு. யாரு அது?"

"நான்தான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளைச் சங்கடப்படுத்த அவருக்கு விருப்பம் இல்லை. "அரசப்பன் சார் ரிப்போர்ட் கேட்டாரு. ரெண்டு மெஷினும் ஒண்ணா கனெக்ட் ஆயிடுச்சுன்னு மட்டும் எழுதிடறேன். டைம் எல்லாம் எதுக்கு?"

பவானிக்கு அந்த நாற்காலியில் இருப்பே கொள்ளவில்லை. "படம் வருமா?"

"துண்டு துண்டா வரும். பேரு இருக்காது, வரிசை இருக்காது. நீங்க ரெண்டு பேரும் பண்ணதைவிட, நேத்து காலையில எர்ரரைச் சரி பண்றேன்னு ஒரு செக் ஓடியிருக்கு பாருங்க, அதுதான் ஜாஸ்தி அழிச்சிருக்கு. யாரு யெஸ் குடுத்தது?"

அரசப்பன் மேரிக்கு போன் செய்யப் போகிற நாள் அது என்பது அவள் தலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

எலும்பு வார்டுக்கு வெளியே, நடைபாதையில் மேரி ஒரு பிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தாள். பவானியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பவில்லை. போன் ஏற்கெனவே வந்துவிட்டது என்று தெரிந்தது.

"எப்படி இருக்காரு?"

"தொடை எலும்பு. ஆபரேசன்." மேரி பிளாஸ்கின் மூடியைத் திருகினாள். "வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டாரு உங்க அண்ணன். ரோஜாவை உன்கிட்ட குடுத்துட்டு நான் கனெக்ஷனை எடுக்கலியாம். நான் எப்ப குடுத்தேன்?"

"நீ குடுக்கல. நான் எடுத்தேன்."

"என் மானிட்டர்ல இருந்ததா இல்லியா?"

"இருந்துச்சு."

"கரண்ட்டு இல்லாதப்ப நாம மானிட்டரைத்தானே ஆஃப் பண்ணுவோம்? நீதானே எனக்கு அதைச் சொல்லிக் குடுத்தே?"

"ஆமா."

"ஒரு போனு பண்ண முடியல உன்னால."

"நீதான் பேசலியே."

"நான் பேசலன்னா? பஸ்ஸுல அழுதுகினு போறேன், அப்பக்கூட நெனைச்சேன், அந்தப் படம் முடிஞ்சதும் கனெக்ஷனை எடுத்துடுன்னு உன்கிட்ட சொல்லலாமான்னு. போனைக் கையில எடுத்தேன். இவ எடுக்க மாட்டா, எடுத்தாலும் அந்த அன்னம் மாதிரி எதுனா பண்ணுவான்னு திரும்ப உள்ள வெச்சுட்டேன்." மேரியின் குரல் உயர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இங்க வந்து என்கிட்ட சொல்லிட்டா ஆச்சா? அவருகிட்ட சொல்லு. இப்ப சொல்லு. என் எதிர்ல. ஸ்பீக்கர்ல போடு."

பவானி போட்டாள். அரசப்பன் எடுத்ததும், "அண்ணா, ரோஜாவை மேரி குடுக்கல. அவ மானிட்டர்லேர்ந்து நானா எடுத்தேன். அவ மெஷின் ஓடிக்கினு இருந்துச்சு, நான் பாக்கல. நேத்து கேட்டப்ப ஆமான்னு சொன்னது தப்பு" என்று ஒரே மூச்சில் சொன்னாள். வேறு எதையும் அவள் சேர்க்கவில்லை.

"ஏன்டி, ஒம்போது வருசமா இருக்கே, உனக்கு இது…" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "படம் வருமா, இன்னான்னாரு?"

"துண்டா வரும்ணா. செக் ஓடினதுலதான் ஜாஸ்தி போச்சாம். யாரு யெஸ் குடுத்ததுன்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல."

அரசப்பன் பேச்சை மாற்றினார். "மேரி பக்கத்துலயா? அவரு தேறினதும் வரச் சொல்லு. நீயும் வா. வெச்சுடு."

மேரி பிளாஸ்கிலிருந்து மூடியில் காபி ஊற்றிக் குடித்தாள். பவானிக்கு ஊற்றவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகள் வந்தன. எண்களைத் தவிர ஒன்றுக்கும் பெயர் இல்லை. மேரி வர இரண்டு வாரம் ஆனது. அதுவரை பவானி ஒவ்வொன்றாகத் திறந்து, புடவையின் நிறத்தை வைத்து, மாலையில் எத்தனை பூ உதிர்ந்திருக்கிறது என்பதை வைத்து, எது முன்னால் எது பின்னால் என்று எழுதினாள். இதை வேக ஓட்டத்தில் பார்க்க முடியாது. மேரி வந்ததும் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது கண்டாச்சிபுரம் இல்ல, பின்னாடி ஃபேன் வேற" என்பது போல வேலைப் பேச்சு மட்டும் நடந்தது.

தாலி கட்டியது கிடைத்தது. கொளஞ்சி மனைவியோடு நின்று பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த பதினோரு நிமிடம் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஆல்பத்துப் போட்டோக்களை வைத்து வீணை இசையை ஓடவிட்டார்கள். டிவிடி வாங்க வந்தபோது அரசப்பன் மறைக்காமல் சொல்லிவிட்டார். கொளஞ்சி கடையிலேயே உட்கார்ந்து அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை பார்த்தார்.

"சொம்பை சாச்சிக்கினு நிக்கறேன். தண்ணி வுழவே இல்லியே" என்றார்.

மேரி டிவிடியை எடுத்து உறையில் போட்டாள். "பொண்ணு நல்லா வந்துருக்கா. குடுங்க" என்று வாங்கிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் பவானிக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

பெட்டியைத் திரும்ப மாட்ட அரிபிரசாத் வந்தார். இனி இந்த ரோஜா கதை எல்லாம் வேண்டாம் என்றார். பெட்டி ஒரே ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் இணைந்திருக்கும். பட்டியலை அது ஒன்றுதான் வைத்திருக்கும், அது ஒன்றுதான் எழுதும். மற்ற கம்ப்யூட்டர் எதை எடுக்க வேண்டுமானாலும், வைக்க வேண்டுமானாலும் அதனிடம் கேட்க வேண்டும். ஒயரையும் அதன் நெட்வொர்க் சுவிட்சையும் மாற்றினால் வேகமும் பெரிதாகக் குறையாது. முதல் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் மட்டும் இரண்டாவதுக்கு எதுவும் கிடைக்காது.

"சரி, பவானி மெஷின்ல மாட்டிடுங்க. அவதான் சீனியர்" என்றார் அரசப்பன்.

"என் மெஷின்ல மாட்டுங்க" என்றாள் மேரி. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "இல்லன்னா எனக்குக் கணக்கை முடிச்சுக் குடுத்துடுங்கண்ணா."

அரசப்பன் பவானியைப் பார்த்தார். அரிபிரசாத் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஒன்பது வருஷமாக எட்டே முக்காலுக்கு வந்து முதலில் சுவிட்சைப் போடுகிறவள் பவானி. இனி மேரி வந்து, மேசையைத் துடைத்து, தண்ணீர் குடித்து, அவள் கம்ப்யூட்டரைப் போடும் வரை இவளுக்கு ஒரு கல்யாணமும் திறக்காது. பவானி எழுந்து, தன் கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து பெட்டியின் ஒயரைத் தானே கழற்றி அரிபிரசாத்திடம் கொடுத்தாள்.

"அவளோடதுலயே மாட்டுங்க."

மேரியின் வீட்டுக்காரர் எழுந்து நடக்கத் தை மாதம் ஆகிவிட்டது. அவருக்குச் சாப்பாடு கொடுத்து, மருந்து கொடுத்து, பத்து மணிக்குத்தான் மேரியால் வர முடிந்தது. தையில் முகூர்த்தம் நெருக்கமாக வந்தது. ஒரு நாள் ஒன்பது மணிக்கே மாசிலாமணி இரண்டு கேசட்டோடு வந்து நின்றார். பதினொன்றரைக்குள் கிளம்ப வேண்டுமாம்.

பவானி போனை எடுத்தாள்.

"மேரி, எங்க இருக்கே? மாசிலாமணி வந்து நிக்கறாரு."

"பஸ்ஸுல ஏறிட்டேன்க்கா."

"பாஸ்வேர்டைச் சொல்லேன், நானே போட்டுடறேன்."

பஸ்ஸின் ஹாரன் கேட்டது. கண்டக்டர் யாரையோ உள்ளே போகச் சொன்னார். "வந்து போடறேன்" என்றாள் மேரி.

பவானி போனை வைத்தாள். உட்கார்ந்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். ஷேர் ஆட்டோக்கள் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போயின. திரும்பி உள்ளே வந்து, ஒரு கேசட்டை உறையிலிருந்து எடுத்துப் பார்த்துத் திரும்ப உறையில் போட்டாள். மறுபடி வாசலுக்குப் போனாள்.

"இன்னாம்மா, ஒலாத்திக்கினே இருக்கே? மெஷின் ரிப்பேரா?" என்றார் மாசிலாமணி.

"இல்ல, நல்லாத்தான் இருக்குது. பெட்டி அவகிட்ட" என்றாள் பவானி. "உக்காருங்க. வரட்டும்."